பெயின்ற் அடிக்கும் முன் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழின் கடைசிப் பக்கத்தில், இங்கிலாந்தில் பழைய கவசவாகனம் ஒன்றைத் திருத்தி ஓட வைத்திருக்கிறார்கள் என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். நல்ல படம்தான். ஆனால் கீழே ‘புதுப்பொலிவு பெற்ற போர்க்கால வாகனம்’ என்று ஒரு வரி எழுதியதோடு முடித்துவிட்டீர்கள். என்ன வண்டி, எந்த ஆண்டு செய்தது, எந்த நாட்டில் ஓடியது, அந்த இரும்புக்குள் இருந்தவர்கள் யார், ஒன்றும் இல்லை. பார்த்தவுடனே அது ஃபெரற் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் பலருக்கும் தெரிந்திருக்கும், ஏனென்றால் இலங்கை இராணுவமும் அதே வண்டியைத்தான் வைத்திருந்தது; எண்பதுகளின் தொடக்கத்தில் அது றோட்டில் வரும் சத்தம் கேட்டாலே சைக்கிளை ஒழுங்கைக்குள் திருப்பிவிடுவோம்.

நான் கொக்குவிலில் கராஜ் வைத்திருந்தவன். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், பிறகு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், கடைசியில் முச்சக்கரவண்டி என்று எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டிய கை இது. கவசவாகனத்தில் கை வைப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. லண்டனுக்கு வெளியே இருக்கும் என் தங்கச்சியின் மகன், அங்கத்தைய நண்பர்கள் சிலரோடு பங்கு போட்டு ஒரு ஃபெரறை வாங்கி வைத்திருக்கிறான். தங்கச்சியைப் பார்க்கப் போன இடத்தில், “மாமா, ஒருக்கா வந்து பாருங்கோ” என்று கூட்டிக்கொண்டு போனான். பிறகு நான் அங்கே தங்கியிருந்த காலத்தில் பாதி அந்தக் கொட்டகைக்குள்ளேயே போய்விட்டது. தங்கச்சிக்கு இன்னும் கோபம். அங்கே பார்த்ததையும், அதை வைத்து நம்முடைய இடத்தைப் பற்றி எனக்குத் தோன்றியதையும் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், வெட்டாமல் போடுங்கள்.

முதலில் வண்டி. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படை டிங்கோ என்று ஒரு சின்ன உளவு வண்டி வைத்திருந்தது, கொவன்ரி நகரத்து டைம்லர் கம்பனி செய்தது. அதன் வாரிசுதான் ஃபெரற். 1952 முதல் 1971 வரை 4,409 வண்டிகள் செய்தார்கள். உள்ளே ரோல்ஸ் றொய்ஸ் பி60, ஆறு சிலிண்டர், 4.26 லீற்றர் பெற்றோல் எஞ்சின். எடை நாலு தொன் அளவில், கவசத் தகடு ஆறு முதல் பதினாறு மில்லிமீற்றர் வரை. முன்னுக்கு ஐந்து கியர், பின்னுக்கும் அதே ஐந்து கியர், அதாவது எதிரியைக் கண்டால் வண்டியைத் திருப்பாமலே வந்த வேகத்தில் பின்னால் ஓடிவிடலாம். உளவு பார்க்கிறவனுக்கு வேறு என்ன வேண்டும்?

கியர்பெட்டி விஷயம் மெக்கானிக்மாருக்குச் சொல்லியே ஆக வேண்டும். நம் காரில் கிளச் இருக்கும் இடத்தில் இதில் ஒரு பெடல் இருக்கிறது, ஆனால் அது கிளச் இல்லை. அடுத்து வேண்டிய கியருக்குக் கைப்பிடியை முன்கூட்டியே நகர்த்தி வைத்துவிடலாம், அப்போது ஒன்றும் நடக்காது. பிறகு தேவைப்படும் நேரத்தில் அந்தப் பெடலை அடிவரை மிதித்து விட்டால் கியர் விழும். அடிவரை என்றால் அடிவரை. அரைகுறையாக மிதித்தால் பெடல் திரும்பி உதைக்கும் பாருங்கள், முழங்கால் கழன்று போகும். முதல்முறை ஓட்ட ஏறுகிற எல்லோருக்கும் அங்கே சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அதுதான்.

இன்னொன்று சில்லுகள். ஒரு பக்கத்து முன்சில்லும் பின்சில்லும் ஒரே ஓட்டத்தில் பிணைத்தவை, இடையில் டிஃபரென்ஷல் (சில்லுகளை வெவ்வேறு வேகத்தில் ஓட விடுகிற பல்லுப்பெட்டி) கிடையாது. வளைவில் திரும்பும்போது முன்சில்லு ஓட வேண்டிய தூரம் கூட, பின்சில்லு ஓடுவது குறைய. மணலிலும் புல்லிலும் ரயர் கொஞ்சம் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் றோட்டில் வழுக்க இடமில்லை, அதனால் தண்டுகளுக்குள் முறுக்கு ஏறிக்கொண்டே போகும், சில்லுக்குப் போகும் பல்லுப்பெட்டி கொதிக்கும். ஓட்டத் தெரிந்தவர்கள் றோட்டோரக் கட்டில் ஒரு சில்லை ஏற்றி இறக்கி அந்த முறுக்கை அவிழ்த்துவிடுவார்களாம். மருமகனின் வண்டியில் அந்தப் பெட்டிகளைத் திறந்து பல்லைப் பார்த்தபோது, இது நகரத்துக்குள் தார் றோட்டில் கனகாலம் ரோந்து போன வண்டி என்று நான் சொன்னேன். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். பேப்பர் வந்த பிறகு சிரிக்கவில்லை.

அந்தப் பேப்பர்தான் நான் சொல்ல வந்த விஷயத்தின் அடி.

வண்டி வந்தபோது வெளியே பச்சையும் கறுப்பும். மேலோட்டமாகச் சுரண்டிவிட்டுப் புதுப் பச்சை அடித்தால் ஒரு கிழமையில் படம் எடுத்துவிடலாம். அப்படிச் செய்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். இவர்கள் செய்தது வேறு. நனைத்துத் தேய்க்கிற மண்கடதாசியை எடுத்து, தண்ணீர் விட்டு விட்டு, உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் மெல்ல மெல்ல வட்டமாகத் தேய்த்தார்கள். (தண்ணீர் விடுவது சும்மா இல்லை, பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கும், காய்ந்த தூசி நெஞ்சுக்குள் போகக்கூடாது.) தேய்க்கத் தேய்க்க, வெட்டிய மரத்தில் வளையம் தெரிவதுபோல நிறம் நிறமாக வெளியே வந்தது. வெளிப்பச்சைக்குக் கீழே வெள்ளை. வெள்ளைக்குக் கீழே மணல் நிறம். எல்லாவற்றுக்கும் அடியில் மினுமினுக்கிற கரும்பச்சை, அதுதான் கொவன்ரியில் அடித்தது. வெள்ளை ஏன் என்று நான் கேட்டேன். ஐ.நா. படைக்கு வெள்ளை அடிப்பார்கள் என்றான் மருமகன், 1964இல் சைப்பிரஸுக்குப் போன அமைதிப்படையில் பிரித்தானியரும் இருந்தார்கள். மணல் நிறம் அதற்கும் முந்திய காலம், பாலைவனம்.

பிறகு பின்பக்கத் தகட்டில் அதே முறையில் தேய்த்து இராணுவ இலக்கத்தைப் பிடித்தார்கள். பிரித்தானியப் படை அந்தக் காலத்தில் இரண்டு எண், இரண்டு எழுத்து, இரண்டு எண் என்று போடும். கடைசி எண் மூன்றா எட்டா என்று ஒரு சண்டை, பக்கவாட்டில் ரோர்ச் அடித்துப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். அந்த இலக்கத்தை எழுதி டோர்செற்றில் பொவிங்டன் என்ற இடத்தில் இருக்கும் டாங்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்ப, பழைய பதிவு அட்டையின் பிரதி வந்தது. எந்த மாதம் கையேற்றது, எந்தப் படைப்பிரிவுக்குக் கொடுத்தது, எப்போது பட்டறைக்குத் திரும்பியது, எப்போது ஏலத்தில் விற்றது, எல்லாம் வரிசையாக. ஏடன் (அப்போது பிரித்தானியர் ஆண்ட அரபுத் துறைமுகம், இப்போது யேமனில் இருக்கிறது), சைப்பிரஸ், பிறகு ஜேர்மனி. படைப்பிரிவின் பெயர் தெரிந்துவிட்டால் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தப் பிரிவின் பதிவேடுகளைத் தேடலாம், அந்த வண்டியில் இருந்த கிழவர் யாரும் உயிரோடு இருந்தால் ஆளையே தேடிப் போகலாம். ஏடனிலிருந்து பிரித்தானியர் வெளியேறியது 1967 நவம்பரில். அதற்கு முதல் அங்கே தெருச்சண்டை. இடதுபக்கத் தகட்டில் கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஒரு குழிவு இருந்தது, புட்டி வைத்து மட்டமாக்கினால் அழகாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். தொடாதே என்றேன். என் பேச்சுக்கு அங்கே என்ன மரியாதையோ தெரியாது, ஆனால் அந்தக் குழிவு இன்னும் இருக்கிறது.

நான் செய்த உதவி பெரிதாக ஒன்றுமில்லை. கார்புரேற்றர் கஸ்கற் கடையில் ஓடர் பண்ணினால் வர நாளாகும் என்று நின்றார்கள், தடித்த கடதாசியை விளிம்பில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டிக் கொடுத்தேன். அவ்வளவுதான், வாயைப் பிளந்து பார்த்தார்கள். தொண்ணூறுகளில் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் தடை செய்யப்பட்டிருந்த ஊரில், துளித் துளியாகப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஒஸ்ரின் கார்களை ஓட்டியவர்கள் நாங்கள் என்றேன். அவர்கள் அதைக் கேட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டார்கள்! இங்கே ஒரு பிள்ளையும் என்னிடம் அதைக் கேட்டு எழுதவில்லை.

சரி, இனி நம் பக்கம்.

ஒரு காலத்தில் எத்தனை வகை இரும்பு இந்த மண்ணில் ஓடியது என்று யோசித்துப் பாருங்கள். பலாலி விமானத்தளத்தையே இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர்தான் போட்டார்கள். 1949இல் இலங்கை இராணுவம் தொடங்கியபோது வண்டி வாகனமெல்லாம் அவர்களுடையதுதான். பிறகு ஃபெரற், சலடின், சரசென் என்ற பிரித்தானியக் கவசவாகனங்கள். எண்பதுகளின் நடுவில் தென்னாபிரிக்காவிலிருந்து கண்ணிவெடிக்குத் தாக்குப்பிடிக்கிற, அடிப்பாகம் வி வடிவத்தில் இருக்கிற பவள். அதைப் பார்த்து இலங்கை இராணுவப் பட்டறைகளிலேயே கட்டிய யுனிகோர்ன். 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்தின் டி-72 டாங்கிகள், அதைப் பற்றிக் கொக்குவில்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளில் டி-55. அந்த டி-55களில் இரண்டு 1993 நவம்பரில் பூநகரியில் இராணுவத்திடமிருந்து புலிகளிடம் கைமாறின, ஒன்று பிறகு விமானக் குண்டில் அழிந்தது. யோசியுங்கள், ஒரே டாங்கி, ஒரே எஞ்சின் இலக்கம், இரண்டு படைகள். அதன் பதிவு அட்டையில் பாதியைத்தான் கொழும்பில் யாரும் எழுதியிருக்க முடியும், மற்றப் பாதி வன்னியில் அதற்குக் கிறீஸ் போட்டவர்களின் தலைக்குள் இருக்கிறது அல்லது அவர்களோடு போய்விட்டது.

ஆனையிறவில் ஏ9 வீதியோரம் நிற்கும் புல்டோசரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1991 ஜூலையில் புலிகள் தகடு வெல்டிங் பண்ணிக் கவசமாக்கி முகாமுக்குள் செலுத்தியது. அதை மறித்துச் செத்த காமினி குலரத்ன என்ற படைவீரரின் நினைவிடமாக இராணுவம் அதை வைத்திருக்கிறது. அது அவர்களின் கதை, அதை அவர்கள் சொல்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. நான் அந்த இடத்தில் இறங்கினால் பார்ப்பது வெல்டிங் தையலைத்தான். எந்தத் தகடு, எங்கிருந்து வந்தது, எந்தக் கை வெல்டிங் பண்ணியது, அதற்கு முதல் அந்த புல்டோசர் எந்த றோட்டை அல்லது எந்தக் குளக்கட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது? நான் வாசித்தவரையில் பலகை அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இறங்குகிறவர்கள் செல்ஃபி எடுத்துவிட்டு பஸ் ஏறுகிறார்கள்.

உடனே சிலருக்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும். என் வீட்டிலேயே வந்தது. “எங்களைக் கொன்ற இரும்பு, கரைந்து போகட்டும் என்று விடாமல் இதை ஏன் பேசுகிறாய்?” என்று என் அண்ணர் கேட்டார். நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் ஃபெரறை மினுக்கிக்கொண்டு கோடைகாலக் கண்காட்சிக்குப் போய், பிள்ளைகளை மேலே ஏற்றி ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுப்பது அவர்களுக்கு விளையாட்டு, ஏனென்றால் அந்த வண்டி அவர்களின் தெருவில் யார் வீட்டையும் இடித்ததில்லை. ஏடன்காரன் ஒருவன் அந்தக் கண்காட்சிக்கு வந்தால் ஐஸ்கிறீம் இறங்குமா என்று மருமகனிடமே கேட்டேன், அவன் பதில் சொல்லவில்லை. ஆகவே இங்கே ஒரு பவளைத் திருத்தி, பெயின்ற் அடித்து, முற்றவெளியில் ஓட்டிக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படி யாரும் செய்தால் முதல் எதிர்ப்புக் கடிதம் என்னுடையதாக இருக்கும்.

நான் கேட்பது பதிவு. இதில் படை வண்டியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது சனத்தின் வண்டி. 2009க்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் மலைபோலக் குவிந்து கிடந்தனவே உழவு இயந்திரம், வான், பஸ், மோட்டார் சைக்கிள், சைக்கிள், அவற்றில் பெரும்பகுதி பழைய இரும்பாகப் போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் சேசி இலக்கம், எஞ்சின் இலக்கம் இருந்தது. தகடு எரிந்து போனாலும் எஞ்சின் கட்டையில் அடித்த எண் எரியாது, ஒரு மெக்கானிக்கைக் கேட்டால் எந்த மூலையில் பார்க்க வேண்டும் என்று சொல்வான். அந்த எண்ணிலிருந்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுக்குப் போகலாம், அங்கிருந்து ஒரு பெயருக்கு, ஒரு ஊருக்கு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் பந்தல் போட்டு உட்கார்ந்த தாய்மார், பிள்ளையைக் கடைசியாக எங்கே கண்டோம், எந்த வாகனத்தில் ஏற்றினார்கள் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். நாம் ஒரு கொப்பியில் அந்த எண்களை எழுதி வைத்திருந்தால் அவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வெட்டி உருக்கிய பிறகு கேட்க எதுவும் மிஞ்சாது என்பது மட்டும் தெரியும். நம்பர் பிளேற்றில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்ததற்காக, அதை அழிக்க 1957, 58இல் தார்ச்சட்டியோடு றோட்டில் இறங்கிய சனம் நாம். நம்பரின் அருமை நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது!

இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வேலிகளில், வளவுகளில், கராஜ்களின் பின்பக்கத்தில், பழைய இரும்புக் கடைகளில். ஒரு கவசக் கதவைத் தண்ணீர் மோட்டர் கொட்டிலுக்குக் கதவாகப் போட்டிருக்கிற வீடொன்றை நானே பார்த்திருக்கிறேன், வலு பொருத்தமாக இருந்தது. அவற்றைப் பிடுங்கச் சொல்லவில்லை. தொலைபேசியில் ஒரு படம், இலக்கம் தெரிகிற மாதிரி. எங்கே கிடைத்தது, எந்த ஆண்டு, யார் கொண்டுவந்தது என்று நாலு வரி. நூலகம் நிறுவனம் பழைய பத்திரிகைகளையும் நூல்களையும் எண்ணிமப்படுத்தி எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறது, அதுபோன்ற ஓரிடத்தில் இதையும் சேர்க்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைப் பிள்ளைகள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள், தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வண்டி தெரியும். இரண்டு பக்கத்தையும் ஒரு மேசையில் இருத்தினாலே வேலை பாதி முடிந்தது. உங்கள் பத்திரிகையும் வாரம் ஒரு படம் போட்டு, இது எந்த வண்டி, யாருக்குத் தெரியும் என்று கேட்கலாமே. சினிமாப் பக்கத்தில் கால்வாசியை விட்டுக் கொடுத்தால் போதும்.

இதை வாசித்துவிட்டு இளம்பிள்ளைகள் பற்றைக்குள் இறங்கித் துருப்பிடித்த வண்டியைச் சுரண்டப் போக வேண்டாம். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் எத்தனை ஆண்டாக வேலை செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையைக் காலை இழந்தவர்களையும் தெரியும். சிவப்புப் பலகை நிற்கிற இடத்துக்கு இலக்கமும் வேண்டாம், படமும் வேண்டாம். இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்த வண்டி போதும். கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காஸ் கட்டரைப் பற்ற வைக்கும் முதல், எஞ்சின் கட்டையின் பக்கத்தையும் கதவு நிலையையும் ஒரு வயர் பிரஷால் மெல்லத் தேய்த்துவிட்டு, எண் இருந்தால் அதன்மேல் வெள்ளைச் சோக்கைப் படுக்க வைத்துப் பூசி, விரலால் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் சோக் தங்கும், எண் படத்தில் தெளிவாக விழும். உங்கள் வியாபாரத்துக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

எண்ணை வைத்து என்ன வண்டி, என்ன ஆண்டு என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டுமென்றால், கண் இன்னும் தெரிகிறது, பின்னேரங்களில் நான் வீட்டில்தான் இருக்கிறேன். என் விலாசம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கேட்டு வருகிறவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக் ஒருவர்,
கொக்குவில்